குடியாத்தத்துச் செட்டு

பழைய டேப் ரிக்கார்டர்களுக்கு ஒடுக்கு எடுத்துக் கொடுக்கிற பொம்பளை ஆம்பூரில் ஒருத்திதான் இருந்தாள். மெர்சி என்று பெயர். ரயில்வே கேட்டைத் தாண்டி, தோல் பதனிடுகிற ஷாப்புச் சுவரை ஒட்டிப் போகிற சந்தில் மூன்றாவது வீடு. வாசல் கம்பியில் துணி காயப்போடுகிற மாதிரி ஸ்பீக்கர் ஜாலிகளைக் கழுவி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். அதுதான் வீட்டுக்கு அடையாளம்.

எண்பதுகளில் சவுதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய செட்டுகள் அவை. ஒரு முழத்துக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கேசட் போடுகிற வாய், மேலே கைப்பிடி. முப்பது நாற்பது வருஷம் பரணில் கிடந்ததை இப்போது பெங்களூர்க்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் தேடித் தேடி வாங்குகிறார்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க. பாடாவிட்டாலும் போகிறது, முகத்தில் காயம் இருக்கக் கூடாது என்பார்கள்.

முகம் என்பது ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கிற துளை போட்ட தகட்டு ஜாலிதான். கீழே விழுந்தால் அதுதான் முதலில் நசுங்கி ஒடுக்கு விழும். கார் டிங்கரிங் செய்கிறவன் கையில் கொடுத்தால் சுத்தியால் தட்டித் துளைகளை எல்லாம் கோணலாக்கிவிடுவான். மெர்சி சுத்தியைத் தொடமாட்டாள். பதினாலு வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே ஷூவுக்கு வடிவம் பிடிக்கப் பாதம் மாதிரி ஒரு கட்டை இருக்கும். கழித்துப் போட்ட சின்னப் பிள்ளை அளவுக் கட்டைகள் நாலைந்தை வைத்திருந்தாள். ஜாலியைக் குப்புறப் போட்டு, கட்டையின் மூக்கில் மெத்தென்ற தோல் சுற்றி, ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். அவசரப்பட்டு நடுவில் அழுத்தினால் தகடு இழுபட்டுவிடும். கடைசியில் லேசாகச் சூடு காட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவாள். இரண்டு ராத்திரி அப்படியே கிடக்க வேண்டும்.

“தகட்டுக்கு ஞாபகம் ஜாஸ்தி. சீக்கிரம் எடுத்துட்டா பழைய எடத்துக்கே திரும்பப் பாக்கும்” என்பாள்.

இந்த வேலைக்குள் அவளை இழுத்தது ஆல்வின், அவளுடைய புருஷன். உள்ளே மோட்டாரும் பெல்ட்டும் ஒயரும் அவன் பார்ப்பான். வெளியே முகம் அவள் பொறுப்பு. யாரிடம் வாங்குவது, யாரிடம் கொடுப்பது என்பதெல்லாம் அவன் போனோடு. மெர்சிக்கு ஆட்களின் பெயர்கூடத் தெரியாது. வாணியம்பாடி பார்ட்டி, ராணிப்பேட்டை பார்ட்டி, குடியாத்தம் பார்ட்டி என்பதோடு சரி.

நாலு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகையில் பாலாறு கரை புரண்டு வந்தபோதுதான் ஆல்வின் போனான். எத்தனையோ வருஷம் வெறும் மணலாகக் கிடந்த ஆறு. வியாழக்கிழமையே குடியாத்தம் பார்ட்டியின் செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றான். இரண்டு ராத்திரியும் குழவிக்கடியில் இருக்கட்டும், சனிக்கிழமை எடுக்கலாம் என்று மெர்சி சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவனே குழவியை இறக்கி, ஜாலியை மாட்டி, செட்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி வண்டியில் கட்டியிருந்தான். மாதனூர் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். சனிக்கிழமை காலை, வண்டி இரண்டு மைல் கீழே வேலிகாத்தான் புதரில் செருகிக் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. குடியாத்தம் போகிற வழியிலேயே ஆல்வின் செட்டோடு ஆற்றில் போய்விட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். குடியாத்தம் பார்ட்டி செட்டைக் கேட்டு வருவார், என்ன பதில் சொல்வது என்று மெர்சி பயந்துகொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

ஆல்வினின் அம்மா ரங்கம்மாளுக்கு ஒரே வாக்கியம்தான். “வியாயக்கெழமையே குடுத்தனுப்பியிருந்தா எம்புள்ள போய்ட்டு வந்திருப்பான்.” சோறு வடிக்கும்போது சொல்வாள். பக்கத்து வீட்டில் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தால் அவர்களிடம் சொல்வாள். மெர்சி மறுபேச்சுப் பேசமாட்டாள். போவதற்கு வேறு வீடும் அவளுக்கு இல்லை, அந்தக் கிழவிக்கு வேறு ஆளும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பேருக்கு ஒரு கல்லாவது வைக்கலாம் என்று சபை ஆயர் வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தார். ரங்கம்மாள் பிடிகொடுக்கவே இல்லை. இந்த வருஷம் கண் ஆபரேஷன் ஆன பிறகு அவளே ஒரு நாள், “நான் போறதுக்குள்ள அவனுக்கு ஒரு எடம் பண்ணிடுங்க” என்றாள். கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கே ஜெபம் பண்ணிக் கல் வைப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நயீம் அகமது மூன்று செட்டுகளோடு வந்தான். பழைய வீடுகளில் ஏறி இறங்கிச் செட்டு பிடித்து வருகிறவன். காலையிலிருந்தே தூறல். மொபெட்டின் முன்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான்.

“அக்கா, மழ ஜாஸ்தியாவறதுக்குள்ள எறக்கிடறேன். இது ரெண்டும் வாணியம்பாடி. இது ஒண்ணு குடியாத்தம். விக்கறதுக்கு இல்ல, ஒடுக்கு எடுத்துத் திருப்பிக் குடுக்கணும்.”

உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த ரங்கம்மாளின் துடுப்புச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி கேட்டது. குடியாத்தம் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

“யாரு பாய் ஆளு?” என்றாள் மெர்சி.

“கரண்ட்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவரு. பரணிதரன்னு பேரு. மூச்சு வாங்குது மனுசனுக்கு. அந்த ஒடுக்கு என் கண்ணுல படக் கூடாதுன்னு பேஜார் பண்றாராம். மவதான் குடுத்தனுப்புச்சு.”

சாப்பிட்ட பிறகுதான் மெர்சி அந்தச் செட்டை எடுத்தாள். வெள்ளி நிறம், இரட்டைக் கேசட். இந்த மாதிரி செட்டு அவள் கையில் இருபதாவது வந்து போயிருக்கும். இடது ஜாலியில் ஒடுக்கு. பாதி எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழி, ஒரு பக்கம் வால் மாதிரி இழுத்திருந்தது. விரலை வைத்ததும் கை தானாக அந்த வால் பக்கம் நகர்ந்தது. ஏன் நகர்ந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

ஆறு ஸ்க்ரூவையும் கழற்றி ஜாலியைத் தூக்கித் திருப்பினாள்.

நாலு மூலையிலும் தோல் துண்டு ஒட்டியிருந்தது. செட்டு பாடும்போது தகடு அதிராமல் இருக்க ஆட்டுத்தோலை நகம் அளவுக்கு வெட்டி, ஓரம் சீவி ஒட்டுவது மெர்சியின் வழக்கம். ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. மூன்று துண்டு பழுப்பு. நாலாவது சிவப்பு. பழுப்புத் தோல் தீர்ந்துபோய், லேடீஸ் ஷூவில் மிச்சமான சிவப்பை ஒட்டியது அவளுக்கு நினைவிருந்தது. ‘இன்னா, லிப்ஸ்டிக் போட்டுட்டியா?’ என்று ஆல்வின் சிரித்ததும் நினைவிருந்தது.

ஆற்றோடு போன செட்டு அவள் மடியில் இருந்தது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். செட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முறுமுறுவென்று காய்ந்திருந்தது. துருவில்லை. தண்ணீரில் நனைந்த காகிதம் அலை அலையாக நெளியும். இது ஒருபோதும் நனையவில்லை. ஆனால் ஜாலியைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டியபோது, ஒடுக்கு இருந்த இடத்துத் துளைகளிலிருந்து மட்டும் மணல் உதிர்ந்தது. ஒரு சிட்டிகை இருக்கும். நைசான வெள்ளை மணல். மற்றத் துளைகளில் சாதாரண வீட்டுத் தூசிதான்.

ஒடுக்கையும் உற்றுப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு ராத்திரி முன்னதாகவே குழவியை எடுத்ததால் தகடு திரும்பியிருக்கலாம். அப்படித் திரும்பினாலும் பாதிதான் திரும்பும். இது முன்னைவிட ஆழமாக இருந்தது. வால்கூடக் கூர்மையாக இருந்தது. கீழே விழுந்திருந்தால் பூச்சில் கீறல் இருக்கும். கீறல் இல்லை. எதுவும் இடிக்காமல், யாரோ பொறுமையாக ஒரே இடத்தில் கையை வைத்து அழுத்தியது போல இருந்தது.

“இன்னாமே, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு?” என்று ரங்கம்மாள் வெளியிலிருந்து கேட்டாள்.

“தூசி அத்தை” என்றாள் மெர்சி. மணலைத் தாளோடு மடித்து மூக்குக்கண்ணாடி டப்பாவில் போட்டாள்.

மறுநாள் காலை, கல் வேலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரங்கம்மாளிடம் சொல்லிவிட்டு, நயீமின் மொபெட்டில் ஏறினாள். மாதனூர் வழி வேண்டாம் என்று சொன்னதும் அவன் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிகொண்டா சுற்றிப் போனான். வழியெல்லாம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குடியாத்தத்தில் தறி ஓடுகிற தெரு ஒன்றில் இருந்தது வீடு. பரணிதரன் நடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். மகள் சௌமியா ஜன்னலோரம் தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒடுக்கு எடுத்தாச்சாம்மா?” என்றார் பெரியவர்.

“இல்ல ஐயா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அந்தச் செட்டுல முன்னாடி ஒடுக்கு எடுத்தது நாந்தான். அத எடுத்துட்டு வந்தவரு என் வீட்டுக்காரரு.”

தையல் மெஷின் நின்றது.

“ஆல்வினு சம்சாரமா?” பெரியவர் முகம் மலர்ந்தது. “வாம்மா, உக்காரு. நல்லா இருக்கானா? அதுக்கப்புறம் இந்தப் பக்கமே காணோமே.”

நயீம்தான், “ஐயா, அவரு வெள்ளத்துல போய்ட்டாரு. இங்க வர வழியிலயே” என்றான்.

“வர வழியிலயா? இன்னா பேசற நீ? வந்தானே! தீபத்தன்னிக்கு வெள்ளிக்கெழம, பதினோரு மணி இருக்கும். தொப்பலா நனஞ்சிருந்தான், செட்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இங்கதான் ஒக்காந்து பாட்டு போட்டுக் காட்னான். சாப்ட்டான். தண்ணி ஏறுதாம், ராத்திரி தங்கிட்டுக் காலைல போன்னேன். பாலத்தப் போய்ப் பாக்கறேன், ஜாஸ்தியா இருந்தா திரும்பி வந்துர்றேன்னு மூணு மணிக்குக் கெளம்புனான். வரல. சரி, தாண்டிப் போய்ட்டான்னு இருந்தேன். மக்யா நாளு, சனிக்கெழம, ஆத்துல வண்டி ஒண்ணு கெடச்சுதாம், ஆம்பூர் ஆளாம்னு தெருவுல பேசிக்கினாங்க. எனக்கு கைகாலு ஓடல. போலீஸ்ல போய் சொல்லலாம்னு சட்டைய மாட்டிக்கினு, மாட்டிக்கினு கழட்றேன். அதுக்குள்ள அவனே வந்துட்டான்.”

“யாரு வந்தது?” என்றாள் மெர்சி.

“ஆல்வின்தான்மா. ஞாயித்துக்கெழம.”

மெர்சி சௌமியாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு நாள் கிழமை குழம்பிப்போய்விட்டது என்று அந்தப் பெண் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

“அப்பாக்கு மூச்சுலதான் கோளாறு அக்கா. புத்தி நல்லாத்தான் இருக்குது” என்றாள் சௌமியா. “நானும் பாத்தேன். பன்னெண்டு மணி இருக்கும். அன்னிக்கு வெயிலு அடிச்சுது. ஆனா அவரு தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது. அதே நீலச் சட்ட. கால்ல செருப்பு இல்ல. உள்ள வாங்கன்னா வரல, கேட்டுலயே நின்னாரு. அப்பாவப் பாத்து, ‘ஒடுக்கு திரும்ப வந்துச்சா சார்?’னு கேட்டாரு.”

“இல்லியேப்பா, நல்லாத்தான் இருக்குதுன்னேன்” என்றார் பெரியவர். “காட்டுங்கன்னான். எடுத்தாந்து கேட்டு செவுரு மேல வெச்சேன். அந்த ஜாலி மேல உள்ளங்கைய வெச்சான். ரொம்ப நேரம் வெச்சிருந்தான்மா. ‘மெர்சி இன்னும் ஒரு ராத்திரி வெக்கச் சொல்லிச்சு சார், நாந்தான் அவசரப்பட்டு எடுத்துட்டு வந்துட்டேன். அது மேல தப்பு இல்ல’ன்னான். இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த நீன்னு சிரிச்சேன். அவன் சிரிக்கல.”

வெளியே மழை வலுத்தது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறிகளில் ஒன்று நின்றுபோனது.

“துண்டு குடுத்தேன் அக்கா, வாங்கிக்கல” என்றாள் சௌமியா. “பாலம் அடிச்சிட்டுப் போச்சே, எப்டிப் போவீங்கன்னேன். ‘அம்மாவப் பாத்துட்டுப் போறேன்’னாரு. நான் கேட்டது ஒண்ணு, அவரு சொன்னது ஒண்ணு. நடந்து போனாரு. முனை திரும்பற வரைக்கும் பாத்தேன். நின்ன எடத்துல ஈர மண்ணு. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவுனேன்.”

“அதான்மா போலீசுக்குப் போவல” என்றார் பெரியவர். “உசுரோட வந்து நின்னவனப் பத்தி இன்னாத்த சொல்றது? நாலஞ்சு நாள் கழிச்சுப் பாக்கறேன், அவன் கைய வெச்ச எடத்துல லேசா பள்ளம். வர வர ஆழமாவுது. நாங்க யாரும் கீழ போடல. பாக்கும்போதெல்லாம் நெஞ்ச அடைக்குது.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு அவர் கேட்டார். “வூட்டுக்கு வரலியாம்மா?”

மெர்சி தலையை ஆட்டினாள். வரவில்லை.

திரும்பி வரும்போது, பாலத்தின் மேல் நயீம் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு வந்தது அவளுக்குக் கேட்டது. அவளுக்குள் இரண்டு பேச்சு மாறி மாறி ஓடின. வெள்ளத்தில் அடிபட்டு எங்கேயோ கரையேறி, இரண்டு நாள் புத்தி தடுமாறி அலைந்திருக்கலாம். உயிரோடுதான் வந்திருக்கலாம். பள்ளிகொண்டா சுற்றி பஸ் ஓடிக்கொண்டுதானே இருந்தது? அப்படியானால் அதற்குப் பிறகு எங்கே போனான்? அம்மாவைப் பார்க்கிறேன் என்று கிளம்பியவன் ஏன் வந்து சேரவில்லை? அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மெர்சி ஆற்றங்கரையில் நின்றிருந்தாள். வீட்டில் ரங்கம்மாள் மட்டும்தான் இருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாயங்காலம் நாலு மணி. ரங்கம்மாள் வேலைப் பலகையின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ஜாலி. சிவப்புத் தோல் ஒட்டிய பக்கம் மேலே தெரிந்தது.

“இது அவன் எடுத்துட்டுப் போனதுதான?” என்றாள். “செவப்பு ஒட்டியிருக்கன்னு எங்கிட்டயும் காட்னான்.”

மெர்சி எதிரே உட்கார்ந்தாள். கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது, சாப்பிட்டது, கிளம்பியது, ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வந்து நின்றது. ரங்கம்மாள் குறுக்கே பேசவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. மெர்சி அதைக் கவனித்தாள்.

“அம்மாவப் பாத்துட்டுப் போறேன்னு சொன்னாராம் அத்தை.”

ரங்கம்மாள் ஜாலியைக் கீழே வைத்தாள்.

“பாத்தான்” என்றாள்.

தோல் ஷாப்பில் டிரம் சுற்றுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

“நீ ஆத்தாண்ட போயிருந்த. பள்ளிவாசல்ல சாயந்தர பாங்கு சொல்ற நேரம். நான் அடுப்பாண்ட ஒக்காந்திருக்கறேன். பின்வாசல்ல, ‘அம்மா’ன்னான். எழுந்து போய்ட்டேன். கதவு இடுக்குல பாக்கறேன், நிக்கறான். நீலச் சட்ட. தலையெல்லாம் மண்ணு. கண்ணு எம்மேல இல்ல, கதவு மேல இருக்குது. ‘அம்மா, தொற’ன்னான்.”

“தொறந்தீங்களா?”

“முந்தின நாளுதான் ஜனங்க வந்து ஒக்காந்து பேசிட்டுப் போச்சுங்க. தண்ணியில போனவங்க வூட்டு வாசலுக்கு வந்து கூப்புடுவாங்களாம். ரெண்டு தரம்தான் கூப்புடுமாம். மனுசனா இருந்தா மூணாந்தரமும் கூப்புடுவானாம். தாழ்ப்பா மேல கைய வெச்சுக்கினு நின்னேன் மெர்சி. மூணாந்தரம் கூப்புடுவான், தொறந்துடலாம்னு நின்னேன். அவன் ஒரு தரம் கூப்ட்டுட்டான், ரெண்டு தரம் கூப்ட்டுட்டான். நான் நிக்கறேன். அவனும் நிக்கறான். மூச்சு விடற சத்தம் கேக்குது எனக்கு. செத்தவனுக்கு மூச்சு ஏது? அப்பகூடத் தொறக்கல நான்.”

கிழவியின் கை தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது போலவே மூடியிருந்தது.

“எவ்ளோ நேரம் நின்னான்னு தெரியல. சத்தம் நின்னுபோச்சு. தொறந்து பாத்தேன். சந்துல யாரும் இல்ல. படிமேல ஈரமா மண்ணு. கூட்டித் தள்ளிட்டேன்.”

“நாலு வருஷமா இன்னா சொன்னீங்க?” என்றாள் மெர்சி. “வியாயக்கெழமையே குடுத்தனுப்பியிருந்தான்னு, நான் தூங்கறப்பகூட சொன்னீங்களே அத்தை. தெரிஞ்சுக்கினே சொன்னீங்களா?”

“யாரையாச்சும் சொல்லணுமே” என்றாள் ரங்கம்மாள். “இல்லன்னா என்னத்தான சொல்லிக்கணும்?”

மெர்சி எழுந்து வெளியே போனாள். மழையில் சந்து முனைவரை நடந்தாள், அங்கிருந்து ரயில்வே கேட்வரை நடந்தாள். கேட் மூடியிருந்தது. ஷிப்ட் முடிந்த ஷூ கம்பெனிப் பெண்கள் நீலக் கோட்டைத் தலைமேல் பிடித்தபடி ரயிலுக்காகக் காத்து நின்றார்கள். ஒருத்தி அடையாளம் கண்டு, “இன்னா மெர்சி, குடகூட இல்லாம?” என்று தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். கேட் திறந்ததும் எல்லோரும் போனார்கள். மெர்சி திரும்பி நடந்தாள். அன்றைக்கு வீட்டில் கத்திரிக்காய்க் கடைசலும் சோறும் ஆக்கியது ஆக்கியபடி கிடந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை முழுக்க வேலை செய்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, வட்டம் வட்டமாக. வாலின் நுனியை எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. தகடு அவள் கைக்கு மறுப்புக் காட்டாமல் மெல்ல மெல்ல எழும்பியது. ஒரு சமயம், கட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ கை கொடுப்பது போல அது தானாக மேலே வந்தது. மெர்சி கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நீ செஞ்சது அவசரம்தான்” என்று மெதுவாகச் சொன்னாள். மறுபடி கட்டையை வைத்தாள். பொழுது சாயும்போது ஜாலியைப் பலகைக்கு நடுவில் வைத்தாள். குழவியைத் தூக்கப் போனபோது ரங்கம்மாள் வந்து மறுமுனையைப் பிடித்தாள். வேண்டாம் என்று மெர்சி சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வரை அதை யாரும் தொடவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது ஒடுக்கு இருந்த இடமே தெரியவில்லை. நயீம் வந்து வாங்கிக்கொண்டு போனான். ஒடுக்கு திரும்ப வருமா என்று கேட்டான். தெரியாது பாய் என்றாள்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் கல் வெட்டுகிற காசியிடமிருந்து போன் வந்தது.

“அம்மா, பேரு வெட்டியாச்சு, பொறந்த தேதி வெட்டியாச்சு. எறந்த தேதி நீங்க சொல்லவே இல்லியே? ஆயர்கிட்ட கேட்டேன். போலீஸ் பேப்பர்ல பத்தொம்பதுன்னு இருக்குதாம். வெள்ளிக்கெழம. அதயே போட்றட்டுமா?”

மெர்சி பதில் சொல்வதற்குள் ரங்கம்மாள் கையை நீட்டினாள். நாலு நாளாக எங்கேயும் பார்க்காமல் இருந்த கண் நேராக மெர்சியைப் பார்த்தது. மெர்சி போனைக் கொடுத்தாள்.

“இருபத்தொண்ணுன்னு போடுப்பா” என்றாள் ரங்கம்மாள். “ஞாயித்துக்கெழம.”

“போலீஸ் பேப்பர்ல…”

“போலீஸா அவனப் பெத்துச்சு? ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரைக்கும் எம்புள்ள இருந்தான். நான் பாத்தேன்.”

அந்தப் பக்கம் உளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“யோசிச்சுச் சொல்லும்மா. ஊரு ஜனம் கேள்வி கேக்கும். கல்லுல வெட்டிட்டா அப்பால அழிக்க முடியாது.”

“அழிக்க வாணாம்” என்றாள் ரங்கம்மாள். “ஆழமா வெட்டு.”